கரி வண்டி முதல் கரி வடிகட்டி வரை

எங்கள் வீட்டுக்கும் கரிக்கும் இரண்டு தலைமுறைச் சம்பந்தம். என் அப்பா யுத்த காலத்தில் கரி போட்டு ஓடிய பஸ்ஸில் கிளீனராக இருந்தவர். நான் 1978-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் சேர்ந்தேன். 2014-ல் ஓய்வு பெறும் வரை எஞ்சினுக்குள் படிகிற கரியைச் சுரண்டித்தான் சம்பளம் வாங்கினேன். இனிக் கரிப் பக்கமே போக வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். 2021 ஏப்ரலில் ஒரு புது டீசல் கார் வாங்கினேன். எட்டாவது மாதமே மஞ்சள் விளக்கு எரிந்தது. விட்ட குறை தொட்ட குறை போல, கரி மறுபடி என் வாசலில் வந்து நின்றது.

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர், தன் மகன் வண்டியிலும் அதே விளக்கு எரிகிறது என்றும், சர்வீஸில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்றும் புலம்பினார். "வாரண்டி இருக்கே, எப்படிக் கேட்பான்?" என்றார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதையிலிருந்து வர வேண்டும்.

அப்பாவின் கரி வண்டி

1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்தார்கள். அங்கிருந்து நமக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்கு முதலில், மிச்சம் மீதி ரேஷனில். பஸ் ஓட வேண்டுமே! அப்போது வந்ததுதான் கரிவாயு யந்திரம். 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமே 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்று ஒன்றைத் தயாரித்தது.

பஸ்ஸுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு டிரம். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, காற்றைக் குறைவாகவே விடுவார்கள். காற்று முழுசாகக் கிடைத்தால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். குறைவாகக் கிடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற எரியும் வாயு வரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்குள் இழுப்பார்கள். அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி எதற்கும் உதவாத நைட்ரஜன். அதனால் எஞ்சினின் பலமும் ஏறக்குறைய பாதிதான்.

அப்பாவின் வேலை விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தொடங்கும். தீ மூட்டி, கையால் சுற்றுகிற ஊதுசக்கரத்தை நெடுநேரம் சுற்ற வேண்டும். வாயு வந்துவிட்டதா என்று தீக்குச்சி காட்டிப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்கும்போது அந்த வாயுவைச் சுவாசித்துவிட்டால் தலை சுற்றும். இரண்டு தரம் மயங்கி விழுந்திருக்கிறார். தேனிப் பக்கம் போகும்போது ஆண்டிபட்டிக் கணவாய் வந்தால் பயணிகள் எல்லாரும் சொல்லாமலே இறங்கிவிடுவார்களாம். ஆண்கள் தள்ள, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவார்களாம். "டிக்கெட்டும் வாங்கிட்டு வண்டியையும் தள்ளுன காலம்டா அது" என்பார்.

எவ்வளவு வடிகட்டினாலும் சாம்பலும் தாரும் கொஞ்சம் எஞ்சினுக்குள் போய்விடும். வால்வு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் தேயும். அடிக்கடி ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவார்கள். இதை யாரும் கோளாறு என்று சொன்னதில்லை. அடுப்பு என்று இருந்தால் கரி பிடிக்கும், பாத்திரம் என்றால் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1890-களில், எண்ணெயை மட்டுமல்லாமல் நிலக்கரித் தூளையும் தன் எஞ்சினில் எரிக்க முடியும் என்று நம்பினார். அது சரிப்படவில்லை. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் ஓட்டிக் காட்டி வெற்றி பெற்றது எண்ணெயில்தான். கரித்தூளை உள்ளே போட்டு ஓட்ட நினைத்தவர் பெயரில் உள்ள எஞ்சின், இன்று தானே உண்டாக்குகிற கரித்தூளால் மூச்சு முட்டுகிறது.

சுரண்டுவதும் ஒரு தொழில்

நான் பணிமனையில் சேர்ந்தபோது லேலண்ட் எஞ்சின்கள்தான் அதிகம். ஹெட்டை இறக்கினால் பிஸ்டன் தலையில் கருங்கல் போலக் கரி உட்கார்ந்திருக்கும். ஸ்கிரேப்பரால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட்டால் துடைத்து, வால்வுகளுக்குப் பேஸ்ட் தடவி அரைத்து, புது கேஸ்கட் போட்டு இறுக்குவோம். 'டீகார்ப்' என்று இதற்குப் பெயர். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. கல்யாண ஃபோட்டோவில்கூட என் நகங்கள் கறுப்பாகத்தான் இருக்கின்றன.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, பிஸ்டன் தலையை முழுசாகச் சுரண்ட விடமாட்டார். ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம் கரியை அப்படியே விடச் சொல்வார். அதையும் எடுத்துவிட்டால் வண்டி ஆயில் குடிக்கும் என்பது அவர் கணக்கு. பழைய இங்கிலாந்துக் கையேடுகளிலும் இதே யோசனை உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். "கரியே பிடிக்காத எஞ்சின் எது தெரியுமா தம்பி? ஓடாத எஞ்சின்" என்று சொல்வார்.

வீடுகளிலும் இந்த வேலை உண்டு. ஸ்கூட்டர், மொபெட் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்ஸரில் கரி அடைத்துக்கொள்ளும். வண்டி இழுக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைலன்ஸரைக் கழற்றி, விறகுத் தீயில் போட்டுச் சுட்டு, ஆறியபின் கல்லில் தட்டினால் பொலபொலவென்று கரி கொட்டும். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு எங்கள் தெருவில் மாதம் ஒரு வீட்டிலாவது இந்தச் சுடுகாட்டு வேலை நடக்கும். யாரும் கம்பெனிக்குக் கடிதம் எழுதவில்லை.

பெட்ரோல் கார்களின் கதை வேறு. பிஸ்டன் மேல் கரி கூடினால், எரியும் இடம் சுருங்கி அழுத்தம் கூடும். சிவந்து கனன்றுகொண்டிருக்கும் கரித்துணுக்கே தீப்பொறி போல வேலை செய்யும். அம்பாசடரில் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடியதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். மேடு ஏறும்போது 'டக டக' என்று தட்டும். இந்தத் தட்டலை அடக்கத்தான், 1921 டிசம்பரில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். 1923-ல் விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடமே நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்கள் ஈய நஞ்சேறி, புத்தி பேதலித்து இறந்தார்கள். ஆனாலும் உலகம் முழுக்க ஈயப் பெட்ரோல் பரவியது. நம் நாட்டில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் தொடங்கி, 2000 பிப்ரவரியில்தான் ஈயம் நாடு முழுக்க ஒழிந்தது. எஞ்சினின் ஒரு தொல்லைக்குக் கண்ட மருந்து, எண்பது வருடம் தெருவில் போகிற பிள்ளைகளின் ரத்தத்தில் கலந்தது. எஞ்சினைக் காப்பாற்றிய கணக்கில் மனிதர்களைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.

வெளியே போன புகை உள்ளே திரும்பிய கதை

அந்தக் காலத்து எஞ்சினுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தன் அழுக்கை எல்லாம் வெளியே துப்பிவிடும். பிஸ்டன் ஓரமாகக் கசிகிற புகையும் ஆயில் ஆவியும் ஒரு குழாய் வழியாக ரோட்டில் கலந்துவிடும். கரும்புகை சைலன்ஸர் வழியாகப் பின்னால் வருபவர் முகத்தில் போகும். நாங்கள் பணிமனையில் காலை நாலரை மணிக்கு முதல் டிரிப் வண்டிகளை ஸ்டார்ட் செய்தால், ஷெட்டுக்குள் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியல் பேராசிரியர் 1950-களின் தொடக்கத்தில் அதற்கு வண்டிகளின் புகையும் காரணம் என்று காட்டினார். அதிலிருந்து சட்டங்கள் வர ஆரம்பித்தன. 1960-களின் தொடக்கத்தில், ஆயில் ஆவியை ரோட்டில் விடாமல் எஞ்சினுக்குள்ளேயே திருப்பும் ஏற்பாடு வந்தது. 1970-களில், வெளியேறும் புகையிலேயே கொஞ்சத்தை எடுத்து மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு வந்தது. அதுதான் ஈ.ஜி.ஆர். எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைப்பது அதன் வேலை.

இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் டீசல் வண்டியில் என்ன நடக்கிறது பாருங்கள். ஒரு பக்கமிருந்து ஆயில் ஆவி வருகிறது. இன்னொரு பக்கமிருந்து கரிப்புகை வருகிறது. இரண்டும் காற்று போகும் பாதையில் சந்திக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கில் புகை படிந்தால் என்ன ஆகும் என்று விறகடுப்புச் சமையலறையைப் பார்த்தவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. தார் போல ஒரு கறுப்புப் பூச்சு மெல்ல மெல்ல ஏறி, வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலுக்கும் இதே கதி உண்டு. முன்பெல்லாம் பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டு உள்ளே போகும், போகிற போக்கில் வால்வைக் கழுவிவிடும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையை 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் வைத்தார்கள். 1996-ல் மிட்சுபிஷி அதைச் சாதாரணக் கார்களுக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் மிச்சம், பலமும் கூடுதல். ஆனால் வால்வைக் கழுவ ஆளில்லாமல் போயிற்று. அதனால் அங்கேயும் கரி படிகிறது.

கடைசியாக வந்தது வடிகட்டி. 2000-ல் பிரான்சின் பியூஜோ 607 டீசல் காரில் வந்து, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபோது, டீசல் காரின் கரித்துகள் கிலோமீட்டருக்கு 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகக் குறைய வேண்டும் என்றார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே! வடிகட்டி இல்லாமல் இது நடக்காது. எல்லாரும் டி.பி.எஃப். என்று சொல்வது இதைத்தான். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. புகை அதன் சுவரைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். கரி உள்ளேயே தங்கும். தங்கிய கரி அதிகமானதும் வண்டியே கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். எங்கள் தெருவில் சைலன்ஸரைத் தீயில் சுட்டோமே, அதே வைத்தியம்தான். இங்கே வண்டி தானே செய்துகொள்கிறது. ஆனால் அதற்கு இருபது நிமிடமாவது நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும்.

என் வண்டிக்கு வந்த நோய்

நான் ஓட்டுவது எவ்வளவு தூரம்? பேத்தியைப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர். மார்க்கெட்டுக்கு இரண்டு. என் மனைவிக்கு வீசிங் தொந்தரவு. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாலு கிலோமீட்டர். எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். இதெல்லாம் நான் வாங்கும்போதே விற்பனைக்காரத் தம்பியிடம் சொன்னதுதான். "டீசல்தான் சார் உங்களுக்கு லாபம்" என்றான். முப்பத்தாறு வருட டீசல்காரனுக்கு அது காதில் தேனாகப் பாய்ந்தது. நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

டிசம்பரில் முதல் விளக்கு. ஓடியிருந்தது 4,100 கிலோமீட்டர். சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டிக் கரியை எரித்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. 2022 மார்ச்சில் மறுபடி. இந்தத் தடவை ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து 8,400 ரூபாய் பில் போட்டார்கள்.

"வாரண்டி மூணு வருஷம் இருக்கே தம்பி?"

"கார்பன் கிளீனிங் வாரண்டில வராது சார். இது வண்டிக் கோளாறு இல்ல, உங்க டிரைவிங் பேட்டர்ன்."

"நான் முப்பத்தாறு வருஷம் டிப்போல இருந்தவன்ப்பா."

"அது பழைய வண்டி சார்."

பேரன் வயசுப் பையன் சொன்னது சுருக்கென்று தைத்தது. பணம் கட்டிவிட்டு வந்தேன். ஆனால் அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பணிமனை லாக் ஷீட் போலக் கோடு போட்டேன். தேதி, கிலோமீட்டர், ஓடிய தூரம், விளக்கு எரிந்ததா, ஆயில் அளவு. பழக்க தோஷம்.

அந்த நோட்டில்தான் ஒரு விசித்திரம் தெரிந்தது. வாரா வாரம் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனது. ஆயில் குறைந்துதான் பார்த்திருக்கிறேன், கூடிப் பார்த்ததில்லை. குச்சியை எடுத்து முகர்ந்தால் டீசல் வாசம். கரியை எரிப்பதற்காகப் பீய்ச்சிய கூடுதல் டீசல், பாதியிலேயே நான் வண்டியை நிறுத்திவிடுவதால் எரியாமல் சிலிண்டர் ஓரமாகக் கீழே இறங்கி ஆயிலோடு கலந்திருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தும்போது ஃபேன் சத்தம் போட்டுச் சுற்றிய நாட்களில் எல்லாம் அதுதான் நடந்திருக்கிறது. வெயில் என்று நினைத்துச் சாவியை எடுத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் ஓர் இரவு பத்தரை மணி. மனைவிக்கு இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கோரிப்பாளையம் சிக்னல் தாண்டியதும் விளக்கு சிவப்பானது. வண்டி இழுக்கவில்லை. மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம்தான். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பவளுக்கு அதைச் சொல்லி என்ன பயன்? பின்னால் ஹாரன் சத்தம். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி, "ஏறுங்கம்மா" என்று கூட்டிப் போனார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நானும் ஏறினேன். அன்று இரவு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அப்பா சொன்ன ஆண்டிபட்டிக் கணவாய்தான் ஞாபகம் வந்தது. எண்பது வருடம் கழித்து அவர் மகனும் வண்டியை விட்டு இறங்க வேண்டி வந்துவிட்டது.

குறுக்கு வழியும் நேர் வழியும்

சர்வீஸில் இந்த முறை வடிகட்டியையே மாற்ற வேண்டும், 1,35,000 ரூபாய் என்றார்கள். வாரண்டி கிடையாதாம்.

அப்போது தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். "எதுக்குண்ணே வம்பு? வடிகட்டியை வெட்டி எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல மாத்தி விட்டுர்றேன். இருபதாயிரத்துல முடிஞ்சிரும். வண்டி பறக்கும்" என்றார். மோட்டார் வாகனச் சட்டப்படி அது கூடாது, செய்தால் வாரண்டியும் போகும். இருந்தாலும் ஒரு நாள் முழுக்க எனக்குச் சபலம்தான். உண்மையை எழுதுகிறேன்.

தடுத்தது சட்டம் இல்லை. உள்ளறையில் மனைவி நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்த சத்தம். அவள் புகை பிடித்தவள் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருபது வருடம் குடியிருந்தோம். புகை நாற்றம் அடிக்கும் என் யூனிஃபார்மை அவள்தான் துவைத்தாள். அவள் நோய்க்கு அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்ததைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வடிகட்டி பிடித்து வைக்கிற கரி, இல்லாவிட்டால் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் வழியாகப் போகும். நான் சுரண்டியது போக மிச்சமெல்லாம் அப்படித்தான் போனது.

வடிகட்டியை வெட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். பணமும் கட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வாரண்டிப் புத்தகத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். 'சுத்தம் செய்தல்' வாரண்டியில் வராது என்று இருந்தது. ஆனால் பாகம் கெட்டால் வராது என்று எங்கும் இல்லை. இந்த வித்தியாசம்தான் எனக்குப் பிடி. கம்பெனிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி, நோட்டின் நகலையும் பில் நகல்களையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். திட்டவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டேன். மார்ச்சில் கழற்றிய வால்வு சரியாகத் திறந்து மூடுகிறதா என்று சோதித்தீர்களா, சோதித்த பதிவு எங்கே? ஆயில் அளவு கூடியிருந்ததை ஜாப் கார்டில் குறித்தீர்களா? குறைந்த தூரம் ஓட்டினால் இப்படி ஆகும் என்று வண்டி கொடுக்கும்போது என்னிடம் சொன்னதற்குக் கையெழுத்து இருக்கிறதா?

கடைசியில் ஒரு வரி: பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வெறும் மிரட்டல் இல்லை. 2019-ம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

பதினோராவது நாள் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினீயர் வந்தார். பண்பான மனிதர். கம்ப்யூட்டரை மாட்டி என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தே பார்த்தார். வால்வை முழுசாக மூடு என்று கட்டளை கொடுத்தால், அது கொஞ்சம் திறந்தே நின்றது. அதனால் தேவைக்கு மேல் புகை உள்ளே போய், எரிதல் கெட்டு, கரி அதிகமாகி, வடிகட்டி சீக்கிரம் நிறைந்திருக்கிறது. "வால்வு போயிருக்கு சார். மார்ச்லயே மாத்தியிருக்கணும்" என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு என் நோட்டைக் கையில் எடுத்தார். "சார், நீங்களே எழுதியிருக்கீங்க. 58 நாள்ல 41 நாள் அஞ்சு கிலோமீட்டர் தாண்டல. வண்டி 27 தடவை கரியை எரிக்க ஆரம்பிச்சிருக்கு, முடிச்சது அஞ்சு தடவைதான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நோட்டு எனக்காக மட்டும் சாட்சி சொல்லவில்லை.

வால்வை வாரண்டியில் மாற்றினார்கள். வடிகட்டியைப் புதிதாகப் போடத் தேவைப்படவில்லை. கரியை எரித்துச் சுத்தம் செய்து, ஆயிலும் மாற்றிக் கொடுத்தார்கள், இலவசமாக. 8,400 ரூபாய் மட்டும் திரும்பி வரவில்லை. பாதித் தப்பு என்னுடையது என்பதால் அதை என் அபராதம் என்று விட்டுவிட்டேன்.

நண்பருக்குச் சொன்னது

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தினம் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் டீசல் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டால் வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். நிறுத்தும்போது ஃபேன் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமாகச் சுற்றினால் சாவியை எடுக்காமல் இன்னொரு சுற்று போய் வாருங்கள். ஆயில் அளவு குறைந்தாலும் பாருங்கள், கூடினாலும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 'சுத்தம் செய்தோம்' என்றால், ஏன் அழுக்கானது என்று கேளுங்கள். ஒரு நோட்டு போடுங்கள். ஆனால் அதில் உண்மையை எழுதுங்கள், நமக்கு எதிரான உண்மையையும்.

இப்போது சனிக்கிழமை காலைகளில் நானும் மனைவியும் மேலூர் ரோட்டில் போய்வருகிறோம். மேலூர் தாண்டி ஒரு டீக்கடை. "என்னங்க, வண்டிக்கு வைத்தியம்னு சொல்லி எனக்கும் நல்ல காத்து கிடைக்குது" என்கிறாள். இரண்டு வருடமாக விளக்கு எரியவில்லை.

போன சனிக்கிழமை டீ வரும் வரை சும்மா நிற்காமல், புகைக்குழாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். பணிமனைப் பழக்கம். அந்தக் காலத்தில் அப்படித் தடவினால் விரல் மை தொட்டது போல வரும். வெளியே எடுத்து வெயிலில் காட்டினேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மனைவி பார்த்துவிட்டு, "கை கழுவிட்டு டீ குடிங்க" என்றாள். கழுவ வேண்டியதே இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் போய்க் கழுவினேன்.